பக்கத்துலதானே

அவருடைய பெயர் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. எழுதமாட்டேன். எழுதினால், அரியலூரில் அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர் யாராவது, "அவரா? தங்கமான மனுஷனாச்சே" என்று சொல்வார்கள். அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பொறுமை இந்த வயதிலும் எனக்கு வரவில்லை.

தங்கமான மனுஷன்தான். குடிக்கமாட்டார். சீட்டாடமாட்டார். பெண்டாட்டியை ஒருநாளும் கை நீட்டி அடித்ததில்லை, குரலை உயர்த்தித் திட்டியதுகூட இல்லை. அடித்திருந்தால் நான் அன்றைக்கே சண்டைக்குப் போயிருப்பேன். சண்டைக்கு இடமே கொடுக்காத மனிதர் அவர். அதனால்தான் இத்தனை வருஷமாக இந்தக் கோபம் எனக்குள்ளேயே கிடக்கிறது.

யுத்தத்தில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று மதராஸ் பட்டணம் காலியான சித்திரை மாதத்தில் நாங்கள் அங்கே போனோம். எனக்கு இருபத்திரண்டு வயது. என் கணவர் ஒரு கம்பெனியில் குமாஸ்தா. வேலையை விட்டுவிட்டு வரமுடியாது. என்னையும், ஒன்றரை வயது மகளையும், தன் அப்பாவையும் ரயிலேற்றி அனுப்பினார். அரியலூரில் எங்களுக்கு ஈ காக்கையைக்கூடத் தெரியாது. அவரோடு வேலை பார்த்த ஒருவர் எழுதிக்கொடுத்த கடிதம் ஒன்றுதான் துணை.

வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கே வந்து காத்திருந்தார். முப்பத்தைந்து வயதிருக்கும். வெளுத்த வேட்டி, தோளில் துண்டு, சிரித்த முகம். நான் தடுக்கத் தடுக்க எங்கள் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார்.

"வண்டியெல்லாம் வேணாம் ஐயா. வூடு பக்கத்துலதான். பேசிக்கிட்டே போயிடலாம்" என்றார் என் மாமனாரிடம்.

பேசிக்கொண்டேதான் வந்தார். "இந்தா, இதான் நம்ம போஸ்டாபீசு. அங்க மஞ்சக் கட்டடம் தெரியுது பாருங்க, அதான் நம்ம ஆஸ்பத்திரி. லேடி நர்சு இருக்காங்க. இப்படித் திரும்புனா நம்ம பள்ளிக்கூடம். சந்தை ஞாயித்துக்கெழம. நம்ம வாசல்ல நின்னாலே எரச்சல் கேக்கும்." தோளில் பெட்டி அழுத்தியதைக்கூட அவர் பொருட்படுத்தவில்லை. அத்தனையும் அவர் கட்டி வைத்தவை மாதிரி ஒரு பெருமை.

ஸ்டேஷனுக்கும் ஊருக்கும் நடுவில் புதிதாக எழும்பிய தெரு அது. ஜெயங்கொண்டம் பக்கத்துக் கிராமத்தில் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, டவுனில் வாழவேண்டும் என்ற ஆசையில் வந்து வீடு கட்டியவர். சுற்றிலும் மதில். முன்னால் இரும்பு கேட்டு. கம்பி போட்ட வராந்தா. கூடத்துக்கு இரண்டு பக்கமும் அறைகள். வலது பக்கம் எங்களுக்கு. பின்னால் கிணறு. அந்தத் தெருவில் மற்றக் கிணறுகளிலெல்லாம் சுண்ணாம்புத் தண்ணீர். அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. அவர் கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீர். அதை அவர் பூட்டி வைக்கவில்லை. பக்கவாட்டில் ஒரு கதவு வைத்து, தெருவே வந்து இறைத்துக்கொண்டு போகட்டும் என்று விட்டிருந்தார். எங்கள் வாடகையும் நியாயமான வாடகைதான். பட்டணத்திலிருந்து ஓடி வந்தவர்களைக் கசக்கிப் பிழிந்த வீட்டுக்காரர்கள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் அப்படி இல்லை. இதையெல்லாம் மறைத்து எழுதினால் என் கோபம் பொய்யாகிவிடும்.

யார் வீட்டுக்கு வந்தாலும், குடிக்கத் தண்ணீர் கொடுத்த கையோடு வாசலுக்கு அழைத்துப் போய் நிறுத்துவார். விரலை மடக்கி மடக்கி ஸ்டேஷன், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், சந்தை, கோயில், தெரு விளக்கு எல்லாவற்றையும் காட்டுவார். அந்த விளக்குக் கம்பம் முதலில் நாலு வீடு தள்ளி நட்டிருந்ததாம். யார் யாரையோ பார்த்துப் பேசி, தன் கேட்டுக்கு எதிரே மாற்றி நட வைத்தாராம். "எல்லாம் பக்கத்துலதானே" என்று முடிப்பார்.

அவர் மனைவியை நான், நாங்கள் வந்த அன்று சாயங்காலம்தான் பார்த்தேன். என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். மாநிறம், நெடுநெடுவென்ற உயரம். கூடத்துக் கதவுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்து, "தங்கச்சி, புள்ளைக்குப் பால் காச்சி வச்சிருக்கேன், வந்து வாங்கிக்க" என்றாள். அன்றிலிருந்து அவள் எனக்கு அக்கா.

ஒரு வாரம் கழித்து அவள் என்னிடம் கேட்ட கேள்வி இன்னும் காதில் இருக்கிறது. இருவரும் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். தூரத்தில் ரயில் கூவியது. "மதராஸ் வண்டி. இன்னிக்கு லேட்டு" என்றாள், நிமிராமல். பிறகு, "ஏன் தங்கச்சி, ரயிலு அம்மாம் ஒசரமாமே, எறங்குறதுக்கு ஏணி வைப்பாங்களா?"

விளையாட்டாகக் கேட்கிறாள் என்று சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, நீங்க ரயில் பார்த்ததில்லையா?"

"சத்தம் கேப்பேன். எது எந்த வண்டின்னு சொல்லிருவேன். பாத்ததில்ல."

"ஸ்டேஷன் இங்கதானே இருக்கு?"

"ஆமா. பக்கத்துலதான்னு அவரு சொல்லுவாரு."

அந்த வீட்டுக்கு அவள் வந்து அப்போது நாலு வருஷம். கிராமத்திலிருந்து கூண்டு வண்டியில் திரை போட்டு அழைத்து வந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை அதே மாதிரி திரை போட்டு அம்மா வீட்டுக்குப் போய் வருவாள். மற்றபடி அந்த இரும்புக் கேட்டைத் தாண்டியதில்லை. வளையல்காரன் வீட்டுக்கு வருவான். துணி மூட்டை வீட்டுக்கு வரும். சந்தைக்கு அவர் போவார். கோயிலிலிருந்து விபூதியும் பூவும் அவர் கையில் வரும்.

எனக்கு அப்போது ரத்தம் சூடு. ஆடி வெள்ளியன்று நேராக அவரிடமே கேட்டேன். "அண்ணா, கோயிலுக்குப் போறேன். அக்காவையும் கூட்டிக்கிட்டுப் போகட்டுமா? அரை மணியில வந்துடுவோம்."

முகம் சுளிக்கவில்லை. அதே சிரிப்பு. "அதுக்கென்ன தங்கச்சி, நம்ம கோயிலு, பக்கத்துலதானே இருக்கு. எப்ப வேணா போய்க்கலாம். இன்னிக்கு ஒரே கூட்டமா இருக்கும். இன்னொரு நாளைக்குப் போவட்டும்."

அந்த இன்னொரு நாள் வரவில்லை. மறுபடி கேட்டேன், வெயிலென்றார். இன்னொருமுறை கேட்டேன், "நீங்க போயிட்டு வாங்க தங்கச்சி, அவளுக்கும் சேத்துக் கும்பிட்டுக்கங்க" என்றார். ஒருதடவைகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடாது என்று ஒருவன் சொன்னால் ஏன் என்று கேட்கலாம். எப்ப வேணா போய்க்கலாம் என்பவனிடம் என்ன கேட்பது? அக்காவும் அதை நம்பினாள். "அவரு என்னைக்குத் தடுத்தாரு? நேரந்தான் வாய்க்கல" என்பாள். எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த கீரைக்கட்டைத் தரையில் அடித்திருக்கிறேன்.

ஆவணியில் அவளுக்கு மூன்று மாதம் என்று தெரிந்தது. அதற்கு முன்னால் இரண்டு பிள்ளை வீட்டிலேயே பிறந்து, வீட்டிலேயே போயிருந்தது. அதை அவள் என்னிடம் சொன்னது ஒரே ஒருமுறைதான். அவர் சொன்னதே இல்லை.

ஆஸ்பத்திரி நர்ஸம்மா எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில் குடியிருந்தார். கறாரான பெண்மணி. அவரும் அந்தக் கிணற்றில்தான் தண்ணீர் எடுப்பார். கார்த்திகை மாதம் ஒருநாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டு, துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவின் காலைக் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். குழி விழுந்தது, சீக்கிரத்தில் மேலே எழும்பவில்லை.

"தலை வலிக்குதா?"

"அப்பப்ப."

"கண்ணு மங்குதா?"

அக்கா என்னைப் பார்த்தாள். "சாயங்காலத்துல கொஞ்சம் பூச்சி பறக்கும்."

நர்ஸம்மா நேராக வராந்தாவுக்குப் போனார். கூடவே நானும் போனேன். "உங்க வூட்டுக்காரம்மாவ நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்க. உடம்புல நீர் கோத்திருக்கு. டாக்டர் பாக்கணும். மூத்திரம் டெஸ்ட் பண்ணணும். வெளையாட்டில்ல" என்றார்.

வீட்டுக்காரர் எழுந்து நின்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "கட்டாயமா. நம்ம ஆஸ்பத்திரி, நீங்க இருக்கீங்க, எனக்கென்ன கவல? எட்டிப் புடிக்கிற தூரம். கூட்டியாரேன்."

மறுநாள் கூட்டிப் போகவில்லை. அந்த வாரம் போகவில்லை. நர்ஸம்மா மூன்று தடவை கேட்டார். நான் தினம் கேட்டேன். "மார்கழி பொறக்கட்டும்" என்றார். "தை அறுப்பு முடியட்டும்" என்றார். ஒருநாள் நான் பொறுக்கமாட்டாமல், "என்னதான் உங்களுக்குத் தயக்கம்? வாயைத் திறந்து சொல்லுங்க" என்று கத்திவிட்டேன். என் மாமனார் பதறி எழுந்துவிட்டார். வீட்டுக்காரர் மட்டும் கொஞ்சமும் அசையாமல், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சி, நீங்க பட்டணத்துல பொறந்தவங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்க நாலு பேரு பாக்க ஆஸ்பத்திரிப் படி ஏறுனதில்ல. அவசரம்னா அது எங்க ஓடிப்போவுது? பக்கத்துலதானே இருக்கு."

என்மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்தச் சொல் என்னையும் மயக்கியிருந்தது. இவ்வளவு கிட்டத்தில் ஆஸ்பத்திரி இருக்கும்போது என்ன ஆகிவிடும் என்று என் மனதும் ஒரு மூலையில் நினைத்தது. அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நான் போயிருக்கலாம். போகவில்லை.

தை மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. அவர் அறுப்பு பார்க்கக் கிராமத்துக்குப் போயிருந்தார். பத்து மணி வெயில். நான் குழந்தைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தேன். அடுக்களையில் பாத்திரம் உருண்ட சத்தம். ஓடிப் பார்த்தால், அக்கா தரையில் கிடக்கிறாள். கண் மேலே செருகிவிட்டது. பல் கிட்டி, கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. வாயோரம் ரத்தம் கலந்த நுரை.

மாமனாரை அவளருகே உட்காரவைத்துவிட்டுத் தெருவுக்கு ஓடினேன். "யாராவது வாங்க! கட்டிலோட தூக்கிக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம், ஓடி வாங்க!"

ஆட்கள் வந்தார்கள். ஏழெட்டு ஆண்பிள்ளைகள். கேட்டுக்கு வெளியே நின்றார்கள்.

"என்ன நிக்கிறீங்க? உள்ள வாங்க!"

எதிர் வீட்டுக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அவரு ஊர்ல இல்லியேம்மா. அவரு வூட்டுப் பொம்பளைய நாங்க எப்படித் தொட்டுத் தூக்குறது? நாளைக்கு அவரு கேட்டா என்ன பதில் சொல்றது?"

"செத்துப் போயிடுவாய்யா!"

"ஆள் அனுப்பலாம்மா. சைக்கிள்ல போனா அவரக் கூட்டியாந்துடலாம்."

ஒருவன் வாஸ்தவமாகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினான். மற்றவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். அவர் கிணற்றுத் தண்ணீரில்தான் அத்தனை வீட்டிலும் அன்று காலை உலை வைத்திருந்தது. நான் அவர்களைத் திட்டிய திட்டை இங்கே எழுதமுடியாது.

ஆஸ்பத்திரிக்கு நானே ஓடினேன், செருப்புக்கூட இல்லாமல். நர்ஸம்மா குதிரை வண்டி ஒன்றை மறித்து ஏறி என்னோடு வந்தார். வந்தவுடன் ஒரு கரண்டிக் காம்பில் துணி சுற்றி அக்காவின் பற்களுக்கு நடுவே வைத்தார். "தூக்கு, நீ காலைப் புடி" என்றார் என்னிடம். என் மாமனார் ஒரு பக்கம், நாங்கள் இருவரும் ஒரு பக்கம் ஜமுக்காளத்தோடு தூக்கிக்கொண்டு வராந்தாவரை வந்துவிட்டோம்.

அப்போதுதான் அவருடைய மாட்டு வண்டி கேட்டில் வந்து நின்றது. கிராமத்திலிருந்து திரும்பிக்கொண்டிருந்தவரை சைக்கிள்காரன் ஊர் எல்லையிலேயே பார்த்துவிட்டானாம். இறங்கி ஓடி வந்தார். அவளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. அந்தப் பயம் பொய்யில்லை. அவளைத் தொடக் குனிந்தவர் நிமிர்ந்து தெருவைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். குதிரை வண்டியைப் பார்த்தார்.

"இது தெறந்த வண்டியால்ல இருக்கு" என்றார்.

"ஏத்துங்க!" என்றார் நர்ஸம்மா.

"சேல கலைஞ்சு கெடக்குது. இந்தக் கோலத்துல நாலு தெரு பாக்க... ஒரு நிமிசம். கூண்டு வண்டி வரட்டும். திரை போட்டுத் தூக்கிட்டுப் போயிடலாம். பக்கத்துலதானே."

நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். ஆமாம், நடுத்தெரு பார்க்க, அந்நிய ஆண்பிள்ளையின் சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் கையைத் தட்டிவிடக்கூட இல்லை. "ஒரு நிமிசம் தங்கச்சி, ஒரே நிமிசம்" என்று கெஞ்சினார். வராந்தாப் படியின் குறுக்கே நின்றுகொண்டு கெஞ்சினார். கூண்டு வண்டியைத் தேடி ஆள் ஓடியது. வண்டி கிடைத்தது, மாடு மேயப் போயிருந்தது. மாடு வந்தது, திரைத் துணி இல்லை. ஒரு வீட்டிலிருந்து ஜமுக்காளம் கொண்டுவந்து கட்டினார்கள். அதற்குள் அக்காவுக்கு இரண்டு தடவை இழுத்துவிட்டது. ஒவ்வொரு தடவையும் நர்ஸம்மா அவள் தலையைத் தன் மடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வைக்கும் அவர் நகரவில்லை.

ஆஸ்பத்திரியில் இரவுவரை போராடி அவளைக் காப்பாற்றினார்கள். பிள்ளை வயிற்றிலேயே போயிருந்தது. ஆண் பிள்ளை. அரை மணி முன்னால் வந்திருந்தால் பிழைத்திருக்கும் என்றோ பிழைத்திருக்காது என்றோ டாக்டர் சொல்லவில்லை. நர்ஸம்மா வெளியே வந்து சுவரில் சாய்ந்துகொண்டு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "கார்த்திகையிலேயே கூட்டியாந்திருந்தா?"

நினைவு தெளிந்த பிறகும் பத்து நாள் வைத்திருந்து, அதே கூண்டு வண்டியில், அதே மாதிரி திரை போட்டு அவளை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை. அவர் தினம் ஆட்டுக்கால் சூப்பு வாங்கிவந்து, தானே ஆற்றி, குடிக்கச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். தெருக்காரர்கள் பார்த்து நெகிழ்ந்துபோனார்கள்.

மாசியில் நாங்கள் பட்டணம் திரும்ப ஏற்பாடாயிற்று. கிளம்புகிற அன்று மத்தியானம், நாங்கள் இருந்த அறைகளைப் பார்க்க ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மனைவியோடு வந்திருந்தார். அந்தப் பெண் நிறைமாதம். நான் கூடத்தில் படுக்கையைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். வராந்தாவில் வீட்டுக்காரர் விரல் மடக்கத் தொடங்கிவிட்டது கேட்டது.

"ஸ்டேஷன் இந்தப் பக்கம். பள்ளிக்கூடம் ஒங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி நம்ம வூட்டுலேருந்து கூப்புடு தூரம் சார். இந்தம்மாவப் பத்தி நீங்க கவலையே பட வேணாம். போன மாசம் எங்க வூட்லயே ஒரு அவசரம். ஒடனே கொண்டுபோய்ச் சேத்துட்டோம். உசுரு தப்பிச்சுது."

கையிலிருந்த கயிற்றை எறிந்துவிட்டு நான் எழுந்தேன். எனக்கு முன்னால் அக்கா எழுந்திருந்தாள். தலைகூட முடிந்திருக்கவில்லை. கூடத்துக் கதவைத் தாண்டி, வராந்தாவைத் தாண்டி, படியில் போய் நின்றாள்.

"புள்ள செத்துப்போச்சுங்க. அதையும் சொல்லுங்க" என்றாள்.

வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். வீட்டுக்காரர், "உள்ள போ, ஒடம்பு சரியில்ல ஒனக்கு" என்றார், அதே தாழ்ந்த குரலில். அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "தங்கச்சி, ஆஸ்பத்திரி எந்தப் பக்கம்? போறப்ப நெனவில்ல. வர்றப்ப திரை போட்டிருந்துச்சு" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டைத் திறந்தேன். வெயிலில் அவள் கண் கூசியது. மெதுவாகத்தான் நடந்தாள். தெரு முனை திரும்பினோம், ஒரு மளிகைக் கடை, ஒரு புளியமரம், அவ்வளவுதான், மஞ்சள் கட்டடத்தின் முன்னால் நின்றோம். அவள் அண்ணாந்து அதைப் பார்த்தாள். திரும்பி, வந்த வழியைப் பார்த்தாள். புளியமரத்துக்கு மேலாக எங்கள் வீட்டு ஓடு தெரிந்தது.

"இவ்வளவுதானா?" என்றாள்.

அப்படியே ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். அன்றுதான் அழுதாள். அவர் வந்து சாலையின் அந்தப் பக்கம் நின்று, "எந்திரி, ஊரே பாக்குது" என்றார்.

"பாக்கட்டும்" என்றாள்.

சாயங்கால ரயிலில் நான் கிளம்பவேண்டியிருந்தது. அவளை நர்ஸம்மாவின் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனேன். பொழுது சாய்ந்த பிறகு அவள் வீட்டுக்குத் திரும்பினாள் என்று பிறகு தெரிந்தது. வேறு எங்கே போவாள்? வாத்தியார் குடும்பம் அந்த அறைகளுக்கே குடிவந்ததாம். நல்ல தண்ணீர் உள்ள வீட்டை யார் விடுவார்கள்?

இரண்டு வருஷம் கழித்து நர்ஸம்மாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. அக்கா மறுபடி உண்டாகியிருந்தாளாம். ஆறாம் மாதத்திலிருந்து தானாகவே ஆஸ்பத்திரிக்கு வந்து காட்டிக்கொண்டு போனாளாம். வலி எடுப்பதற்குப் பத்து நாள் முன்னாலேயே, பட்டப்பகலில், துணி மூட்டையைத் தானே இடுக்கிக்கொண்டு முன்வாசல் வழியாக நடந்தே வந்து சேர்ந்தாளாம். அவர் பின்னாலேயே வந்து, எதிரில் வந்தவர்களிடமெல்லாம், "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நம்ம ஆஸ்பத்திரிதானே" என்று சிரித்துக்கொண்டே சொன்னாராம்.

அந்த வரியைப் படித்ததும் கார்டைக் கசக்கிச் சுவரில் எறிந்தேன். என் கணவர் திகைத்துப்போய்ப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நானே போய் எடுத்து, மடியில் வைத்து நீவி, கடைசி வரியைப் படித்தேன்.

பெண் குழந்தை, இருவரும் சுகம் என்று எழுதியிருந்தது.